போண்டாவின் உச்சந்தலையில் தட்டியவன்

நாய் வளர்ப்பு பற்றி எல்லாம் தெரியும் என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு. சரியாக ஒன்றரை நாள் நீடித்தது.

அக்கா கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது, மந்தைவெளி வீட்டையும் போண்டாவையும் என்னிடம் ஒப்படைத்தாள். போண்டா அவளுடைய லாப்ரடார், முப்பது கிலோ. அது வரும்வரை அந்த வீட்டுச் செல்லப்பிள்ளை நான்தான். (இப்போது எனக்கு இரண்டாம் இடம். மாமாவுக்கு மூன்றாம் இடம்.) கிளம்பும்போது அக்கா ஒன்றே ஒன்றைத்தான் சொன்னாள்.

"நீ திங்கிறது எதையும் அவனுக்குப் போடாத. மூஞ்சியப் பாத்து ஏமாந்துடாதடா."

மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஏமாந்தேன். முழங்கை வரை ஒழுகவிட்டு மாம்பழம் தின்றுகொண்டிருந்தேன். போண்டா என் தொடையில் தாடையை வைத்து, பிறந்ததிலிருந்து பட்டினி கிடப்பதுபோலப் பார்த்தது. கொட்டையைச் சப்பிவிட்டுப் போடட்டுமே என்று நீட்டினேன். அது சப்பவில்லை. அப்படியே வாங்கி உள்ளே தள்ளியது.

உடனே 'கக் கக்' என்று இருமல். நம் வீடுகளில் யாருக்காவது புரை ஏறினால் என்ன செய்வோம்? உச்சந்தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்போம். நானும் அதையேதான் செய்தேன். "அக்காதான்டா நெனைக்கிறா, ஒண்ணுமில்ல" என்று தட்டினேன். (தட்டுவது நாயின் தலையில் என்பது எனக்கு உறைக்கவேயில்லை.) இருமல் அதிகமானது. மீன் முள் மாட்டினால் வெறும் சோற்றை உருட்டி விழுங்கச் சொல்வார்களே என்று சமையலறைக்கு ஓடி, கிரிக்கெட் பந்து அளவுக்கு ஓர் உருண்டை பிடித்தேன். திரும்பி வந்தபோது இருமல் நின்றிருந்தது.

நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். போண்டா விடவில்லை.

வாயை அகலத் திறந்து வைத்திருந்தது. சத்தமே இல்லை. முன்னங்காலால் வாயைப் பிறாண்டியது. ஈறு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. அப்போதும் இந்த மேதை சோற்று உருண்டையோடுதான் குனிந்தேன்.

"இன்னா நைனா பண்ணிகினு கீற?"

கேட்டைத் திறந்துகொண்டு ஸ்டெல்லா அக்கா வந்தார். பட்டினப்பாக்கத்திலிருந்து தினமும் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருபவர். அவர் குரல் கேட்டாலே போண்டா கேட்டுக்கு ஓடும். அன்று ஓடவில்லை என்பதால்தான் கூடையை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்திருக்கிறார்.

"பொரை ஏறிடுச்சுக்கா. சோறு குடுத்தா சரியா..."

"அடச்சிகினு கீது. அதும்மேல சோத்த வச்சுப் பூசப் போறியா? தூக்கிப் போடு அத்த. பின்னங்கால் ரெண்டையும் புடிச்சுத் தூக்கு. தல கீழ இருக்கணும்."

தூக்கினேன். அவர் போண்டாவின் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். (தட்ட வேண்டிய இடம் அதுதான்.) ஐந்தாவது அடியில் கொட்டை நகர்ந்து, வாய்க்குள் மஞ்சளாகத் தெரிந்தது. நான் அவசரமாக விரலை நீட்டினேன்.

"கைய எடு. வழுக்கினு உள்ள பூடும்."

முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, கொட்டையின் ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பு. உயிருள்ள விலாங்கையே நழுவவிடாத கை. கொட்டை வெளியே விழுந்தது. போண்டா நீளமாக ஒரு மூச்சு இழுத்தது. அதைவிட இனிமையான சத்தத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை. தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். போண்டா தள்ளாடியபடி சோற்று உருண்டையைத் தேடிப் போனது.

அந்த நேரம் பார்த்து அக்காவின் போன். "என்னமோ அவன் நெனப்பாவே இருக்குடா. சாப்ட்டானா?"

"சாப்ட்டான்கா" என்றேன். (பொய்யில்லை.)

மீன் கூடையைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு, அடையாறு கால்நடை மருத்துவரிடம் ஆட்டோவில் ஸ்டெல்லா அக்காவும் வந்தார். மருத்துவர் தொண்டையைப் பார்த்து, காயமில்லை என்றார்.

"இருமுற வரைக்கும் மூச்சு போயிட்டிருக்குன்னு அர்த்தம். இருமல் நின்னு வாயப் பிறாண்டினாதான் ஆபத்து. நல்லவேளை, நீங்க உடனே கவனிச்சீங்க."

நான் ஸ்டெல்லா அக்காவைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். அக்கா ஊரிலிருந்து வந்த பிறகும் அவர் மூச்சுவிடவில்லை. "உன் வாயால நீயே சொல்லு" என்று விட்டுவிட்டார். சொன்னேன். அக்கா பத்து நாள் என்னோடு பேசவில்லை. ஸ்டெல்லா அக்காவின் கையை மட்டும் நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை இல்லையென்றால் எனக்கு அக்காவே இல்லாமல் போயிருப்பாள்.

என் கல்யாணத்துக்குச் சாமிக்கு அடுத்த பத்திரிகை ஸ்டெல்லா அக்காவுக்குத்தான். வடபழனி மண்டபத்தில் பந்தியில் எனக்குப் பாயசம் புரை ஏறியது. புது மனைவி பதறிப்போய் என் உச்சந்தலையில் தட்டக் கையைத் தூக்கினாள். எதிர் வரிசையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"தலையில தட்டாதம்மா. பின்னங்காலத் தூக்கு."

பந்தியே சிரித்தது. இன்றும் எங்கள் வீட்டில் யாருக்குப் புரை ஏறினாலும் அதே வசனம்தான். ஆனால் அன்று அக்காவின் பக்கத்து இலையில் ஸ்டெல்லா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. இலையை ஓரமாகத் தள்ளிவிட்டு, என்னையே பார்த்தபடி முந்தானையை விரலில் சுற்றத் தொடங்கியிருந்தார்.