நேற்று எத்தனை பயணம்?

வருங்காலம் சொல்கிறவர்களில் பல வகை உண்டு. அவர்களில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மாதச் சம்பளத்துக்கு, முப்பது வருஷம் கழித்து இந்த நகரத்தில் யார் எங்கே எதில் போவார்கள் என்று சொல்கிறவர்கள் தனி இனம். பயணக் கணிப்பாளர் என்று பெயர். உங்கள் குடும்பத்தில் ஒருவர் இல்லையென்றால் கவலை வேண்டாம். எங்கள் குடும்பத்தில் ஒருவன் இருக்கிறான், எல்லோருக்கும் போதும்.

என் தம்பிதான். நான் எட்டாவதோடு நிறுத்தித் தையல் மெஷினில் உட்கார்ந்தேன். அவன் படித்த படிப்பின் பெயரை ஒரே மூச்சில் சொல்ல எனக்கு இன்னும் வராது. ஆனாலும் கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிவிடுவேன்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். நகரத்தை முந்நூற்றுப் பன்னிரண்டு மண்டலங்களாகக் கூறுபோட்டு, பெற்ற தாய் இருக்கிற வீட்டையும் ‘மண்டலம் நூற்று நாற்பத்தேழு’ என்பார்கள். விருந்துக்குக் கூப்பிட்டால் இலையைப் பார்க்காமல் வாசலில் நிற்கிற வண்டிகளை எண்ணுவார்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் எங்கே ஏறினீர்கள், எங்கே இறங்குவீர்கள், எதற்காகப் போகிறீர்கள் என்று துளைத்தெடுத்து, அவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போனால் அதையும் குறித்துக்கொள்வார்கள். மனிதன் ஒரு நாளைக்குச் சராசரியாக இரண்டு புள்ளி மூன்று பயணம் போகிறான் என்பது இவர்களுக்கு வேதவாக்கு. அந்தப் புள்ளி மூன்று எதுவரை போகும்? வாசற்படிவரை போலிருக்கிறது.

தம்பியின் ஆபீஸ் என் கடைக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம். மத்தியானச் சாப்பாடு என்னிடம். முப்பது வருஷம் கழித்துக் காலை எட்டரைக்கு மேம்பாலத்தில் எத்தனை கார் நிற்கும் என்று கடைசி இலக்கம்வரை சொல்வான். இன்றைக்குச் சாப்பிட எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்டுப் பாருங்கள்.

“சொல்ல முடியாதுக்கா.”

போன மாதம் ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து வெட்டுமேசையில் விரித்தான். கடைக்கு முன்னால் இருக்கிற சாலை ஆறு வழிச்சாலை ஆகப்போகிறதாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரல் வைத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரி இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, சாலை நடுவே நீளமாக ஒரு தடுப்புச்சுவர் இருக்கிறது. கடை வாசலில் ஜனங்கள் ரோட்டைக் கடக்கிற வெள்ளைக் கோடுகளைக் காணோம்.

“கோடு எங்கடா?”

“அங்க யாரும் கடக்கிறதில்லக்கா. கம்ப்யூட்டர் மாடல்ல சைபர்னு வருது.”

“யாருமேவா?”

“பத்து நிமிஷத்துக்குக் குறைஞ்ச நடைய நாங்க பயணமா எடுக்கிறதில்ல. வேணும்னா ஒரு கிலோமீட்டர்ல நடைபாலம் வருது, ஏறிக்கலாம்.”

என்னிடம் வருகிறவர்கள் எதிர்ப்பக்கத்துப் பள்ளிக்கூட அம்மாக்கள், ஆஸ்பத்திரி நர்ஸுகள். பிய்ந்த கொக்கிக்காக யார் ஒரு கிலோமீட்டர் சுற்றுவார்கள்? கோடு போனால் கடை போச்சு. எங்கள் தொழிலில் அளவெடுக்காமல் துணியில் கத்தரி வைத்தால் கையை ஒடிப்பார்கள். இவர்கள் ஊரையே வெட்டுகிறார்கள், சம்பள உயர்வும் கிடைக்கிறது.

நான் சண்டை போடவில்லை. மறுநாள் மெஷினை மூடிவைத்துவிட்டு, காலை ஏழிலிருந்து மாலை ஏழுவரை, கோட்டைக் கடக்கிற ஒவ்வொரு தலைக்கும் ஒரு பட்டனை டப்பாவில் போட்டேன். பெரியவர்களுக்குப் பெரிய பட்டன், பிள்ளைகளுக்குச் சின்னது. ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் பச்சை. இரண்டு தரம் எண்ணினேன். ஆயிரத்து நானூற்றெட்டு.

அடுத்த நாள் தம்பி கை கழுவிக்கொண்டு வந்ததும், அவன் ஆபீஸ் வீடு வீடாகப் போய் நிரப்புகிற படிவத்தில் இருக்கிற கேள்வியையே கேட்டேன்.

“நேத்து எத்தனை பயணம் போனே?”

“ரெண்டு. வீட்டுலேருந்து ஆபீஸ், ஆபீஸ்லேருந்து வீடு.”

நாலு பச்சைப் பட்டன்களை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“இது என்னது?”

“நீதான். பதினோரு மணிக்கு டீக்கு வந்தே, ஒன்றரைக்குச் சாப்பிட வந்தே. வரப் போக நாலு. யாருமே கடக்காத ரோட்டுல.”

டப்பாவை மேசையில் கொட்டி, பத்துப் பத்தாக அடுக்கி எண்ணினான். முடித்துவிட்டு மறுபடி எண்ணினான். ரத்தம் எங்கே போகும்?

“கணக்க மறுபடி ஓட்டினா மூணு மாசம் ஆகும்க்கா. சீஃப் என்னைக் கொன்னுடுவார்.”

“அதான் முப்பது வருஷம் இருக்கேடா. என்ன அவசரம்?”

டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனான். ரோட்டைக் கடந்துதான். சீஃப் மூடியைத் திறந்து பார்த்து, இதைக் கம்ப்யூட்டரில் எந்தப் பக்கமாகப் போடுவது என்று கேட்டாராம். தம்பி உட்கார்ந்து, நின்று, கெஞ்சி, கடைசியில் நானூறு பக்க அறிக்கையின் இருநூற்றுப் பதினாலாம் பக்கத்தில், எறும்பு எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு வாங்கிவிட்டான்: குறுநடை தனியே எண்ணப்படும், அதுவரை கோடுகள் இருக்கும். அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறேன். என் தம்பி எழுதியது. பட்டன்கள்தான் இன்னும் திரும்பி வரவில்லை.

சிரிக்கிறீர்கள், நல்லது. நீங்கள் நேற்று எத்தனை பயணம் போனீர்கள்? ‘ரெண்டு’ என்றுதானே வாயில் வந்தது? பிள்ளையை விட்டுவந்தது, மருந்துக் கடைக்கு ஓடியது, பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டு அரைமணி பேசியது எல்லாம் எந்த மண்டலத்தில் சேர்த்தி? அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள். புது டப்பா வாங்கிவிட்டேன்; பச்சைப் பட்டன் நிறைய இருக்கிறது.