கடலுக்கு மூன்று தெரு தள்ளி ஒரு கலங்கரை விளக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தானும் சௌக்கியம். உன் கம்ப்யூட்டர் விளையாட்டுக் கணக்கு மட்டும் சௌக்கியமாக இல்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் குரலைக் கேட்டதும் அழுதுவிடுவேன். மெயிலில் சொல்லலாம் என்றால் வீட்டு இணையத்தை நானே பிடுங்கிப் போட்டுவிட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் உட்கார்ந்துகொள்.

நீ வேலைக்காக வெளியூர் கிளம்பும்போது அதன் பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, "அக்கா, இதை யாருக்கும் குடுத்துடாதே" என்றாய். நானும் யாருக்கும் கொடுக்கவில்லை, நாத்தனாருக்கு மட்டும்தான். அவள் காலில் கட்டுப் போட்டுக் கிடந்தாள், பாவம், உனக்கும் அங்கே விளையாட நேரமில்லை, சும்மா கிடப்பதுதானே என்று கொடுத்தேன். அவள் தன் தையல் வகுப்பு முழுக்கக் கொடுத்துவிட்டாள். பிறகு மாடிவீட்டுக்காரர் கேட்டார். ஏணி கேட்டால் கொடுக்கிறோம், இதற்கு எந்த முகத்தோடு மாட்டேன் என்பது? பிறகு நான் வேலை பார்க்கும் பல் டாக்டர், காத்திருப்பவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே என்று கவலைப்பட்டார். அங்கே உன் கார் பந்தயத்தைப் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு பெயரைக் கூப்பிட்டாலும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. டாக்டரே ஒருநாள் ஊசி போட்டுவிட்டு, "மரத்துப் போறதுக்குள்ள ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்துடறேன்" என்று போனார். நோயாளிக்கு மரத்து, அது தெளிந்தும் விட்டது.

போன வாரம் விளையாட்டுக் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. கணக்கை என் முகவரியில்தானே திறந்திருந்தாய். ஐந்து கருவிகளுக்கு மேல் கூடாதாம், உன் கணக்கு பதினாறில் ஓடுகிறதாம், அதனால் மூடிவிட்டார்களாம். "ஐயா, விளையாட்டெல்லாம் என் தம்பி வாங்கியது. தப்பு என்னுடையது. என்னைத் திட்டுங்கள், அவனுடையதைத் திருப்பிக் கொடுங்கள்" என்று எழுதினேன். வந்த பதிலை நாலு தரம் படித்தேன். நீ விளையாட்டை வாங்கவே இல்லையாம், விளையாட அனுமதிதான் வாங்கினாயாம். பன்னிரண்டு வருடம் சேர்த்ததெல்லாம் வெறும் அனுமதியா? இப்படிப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று கத்தினேன். "அவங்க எங்க பிடுங்கினாங்க? நீதான் ஊருக்கெல்லாம் அள்ளிக் குடுத்தே" என்றார் உன் அத்தான். உன் பொருளைக் கொடுத்து நான் நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன், தம்பி. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒன்றே ஒன்று தப்பியது. பின்னறையில் உன் பழைய கம்ப்யூட்டர். பெருக்கும்போது காலில் மாட்டுகிறதென்று அதன் இணைய வயரை எப்போதோ கழற்றியிருந்தேன். அதனால் கணக்கை மூடிய செய்தி அதற்கு இன்னும் தெரியாது. "இணையத்தைக் காட்டாம இருந்தா ஓடும்மா. ஒரு தடவை காட்டினா, கம்பெனியைக் கேட்டுட்டுப் பூட்டிக்கும்" என்றார் மாடிவீட்டுக்காரர். போட்டுப் பார்த்தேன். நீ வேலையில்லாமல் இருந்த ஆறு மாதம் ஊர் கட்டும் விளையாட்டில் நாம் இருவரும் கட்டிய துறைமுகம் அப்படியே இருக்கிறது. கடலுக்கு மூன்று தெரு தள்ளி நான் விவரமில்லாமல் கட்டிய கலங்கரை விளக்கத்தை, "இடிக்க வேணாம்க்கா, கப்பல்காரன் வழி கேட்டு வரட்டும்" என்று விட்டுவைத்தாயே, அது இன்னும் சந்தை நடுவில் சுற்றிச் சுற்றி வெளிச்சம் அடிக்கிறது. அடுத்த மாதம் வரும்போது உன் மகளுக்கு அதைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாய். அந்தக் கம்ப்யூட்டர் எந்த வழியாகவாவது இணையத்தை மோப்பம் பிடித்துவிடுமோ என்று பயந்துதான் வீட்டு இணையத்தையே நிறுத்தினேன். மற்றதெல்லாம் போனாலும் இதைப் பத்திரமாக உன் கையில் ஒப்படைப்பேன். அக்காவை மன்னித்துவிடு.

உன் மனைவிக்கு என் அன்பு. மருமகளுக்கு முத்தங்கள். மூவரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருங்கள்.

அன்புடன்,
அக்கா

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது அத்தான் பின்னறையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். நான் அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல், உனக்கு உடனே நல்ல சேதி சொல்ல நினைத்து, நான் பிடுங்கிய வீட்டு இணையத்தைத் திரும்பப் போட்டு, அந்தக் கம்ப்யூட்டரின் வயரையும் தேடிப்பிடித்து மாட்டி, கலங்கரை விளக்கத்தைப் படம் எடுத்து அதிலிருந்தே உனக்கு மெயில் அனுப்பிவிட்டாராம். ஓடிப் போய்ப் பார்த்தேன். திரையில் "அனுமதி இல்லை" என்று இருந்தது. படம் உனக்கு வந்திருக்கும். அதை அழித்துவிடாதே.