முதலில் பிரியாணி, பிறகு தாலி

ஒன்றும் தெரியாதவர்களால் பெரிய சேதம் வராது. அரைகுறையாகத் தெரிந்தவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நான் சொன்னால் நம்பலாம். சொந்த அக்கா கல்யாணத்தையே அழித்தவள் நான்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. திருவொற்றியூரில் கட்டளை தட்டிக் கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸ் எங்கள் தெருவுக்கே தெரிந்த ஒரே ஆள். (வேற யாருக்கும் அது தேவைப்படலைங்கறது தனிக் கதை.) அக்கா வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை. கல்யாணமாகி ஒரு மாதம்தான். மறுநாள் சாயங்காலம் கப்பலேறினால் ஒன்பது மாதம் கழித்துத்தான் வருவார். கல்யாண வீடியோவைக் கையோடு கொண்டுபோக ஒரு புது ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்தார். ஸ்டூடியோக்காரர் துண்டு துண்டாகக் கொடுத்த வீடியோ இன்னொரு டிஸ்கில் இருந்தது. வேறு எங்கும் காப்பி கிடையாது. இரண்டு டிஸ்கும் ஒரே கறுப்பு, ஒரே கம்பெனி, ஒரே அளவு.

"மவுஸை ரெண்டு அமுக்கு அமுக்கினா காப்பி ஆவாதா?" என்றார் மாமா.

"அது சாதாரண ஜனங்க பண்றது மாமா" என்றேன். புது டிஸ்கைத் துடைத்து என் முறைப்படி தயார் செய்யாவிட்டால் என் படிப்புக்கு என்ன மரியாதை? இரண்டையும் சொருகிப் பார்த்தேன். கல்யாண டிஸ்குக்கு 'பி' என்றும் புதியதற்கு 'சி' என்றும் கம்ப்யூட்டர் பெயர் வைத்திருந்தது. காகிதத்தில் குறித்துக்கொண்டேன். (எவ்ளோ பொறுப்பு பாருங்க.)

அதற்குள் சாப்பாட்டு நேரம். மேசை வேண்டுமென்று அம்மா இரண்டையும் பிடுங்கி ஜன்னலில் வைத்துவிட்டார். வஞ்சிர வறுவலை ஒரு கை பார்த்துவிட்டு வந்து, கைக்குக் கிடைத்ததை முதலில் சொருகினேன். காகிதத்தைப் பார்த்து, 'சி'யை அழி என்று ஒரு வரி தட்டினேன். இரண்டே நொடியில் முடிந்தது.

'பி', 'சி' எல்லாம் டிஸ்கின் சொந்தப் பெயரே இல்லை. கம்ப்யூட்டர் கண்ணில் முதலில் பட்டதற்கு ஒன்று, அடுத்ததற்கு ஒன்று, அவ்வளவுதான். இதைப் பரீட்சையில் எழுதி மார்க்கே வாங்கியிருக்கிறேன். நான் சாப்பிட்டு வந்து சொருகியபோது 'சி' ஆகியிருந்தது கல்யாண டிஸ்க்.

அக்காவுக்குத் துறைமுகத்தில், கப்பல் வந்து நிற்கிற பெர்த்துகளில், கன்டெய்னர் சரிபார்க்கிற வேலை. "இன்னாடி, மூஞ்சி பேயறைஞ்சா மாறி கீது?" என்றாள். சொன்னேன்.

"நேத்து ஒரு பெர்த்ல நின்ன கப்பலே இன்னிக்கும் அங்க நிக்குமா? கப்பல் பேரப் பாக்காம, பெர்த் நம்பர மட்டும் பாத்து எவனாச்சும் சரக்கு எறக்குவானா?" என்று கேட்டுவிட்டு அழுதாள். அதுவரை நான் அவள் அழுது பார்த்ததே இல்லை.

மேலே வேறு எதுவும் எழுதாதவரை அழித்தது உள்ளேதான் கிடக்கும் என்பதால், அந்த டிஸ்கில் அதன்பிறகு ஓர் எழுத்துகூட எழுத விடவில்லை. மீட்கிற நிரலை ஓட்டிவிட்டு, குளிக்காமல் காவல் இருந்தேன். மறுநாள் மதியம், இருநூற்றுச் சொச்சம் துண்டுகளும் மாமாவின் புது டிஸ்கில் வந்து சேர்ந்தன. பெருமையாகத்தான் சொல்கிறேன், ஒன்றுகூடத் தவறவில்லை. துண்டுகளின் பெயர்கள் அழிந்ததில் வரிசைதான் போயே போய்விட்டது. அடுக்க நேரமில்லை, மாமா அப்படியே எடுத்துக்கொண்டு கப்பலேறினார்.

கப்பலில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினாராம். முதலில் பிரியாணிப் பந்தி, பிறகு தாலி, கடைசியில் பெண்ணுக்கு மேக்கப். "எங்கூர்ல அப்டித்தான், துன்னு பாத்துட்டுதான் கட்டுவோம்னு சொல்லிட்டேன்" என்றார் போனில். அக்கா அன்றுதான் சிரித்தாள்.

இன்று ஓர் அலுவலகத்தின் சர்வர்கள் அத்தனையும் என் பொறுப்பு. ஒவ்வொரு டிஸ்குக்குள்ளும் சொருகும் வரிசைக்கு மாறாத நீள எண் ஒன்று உண்டு. அதைப் பார்க்காமல் எதையும் தொட மாட்டேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு, "பெர்த்தப் பாக்காத, கப்பல் பேரப் பாரு" என்று எங்க பாஷையிலேயே சொல்லிக்கொடுக்கிறேன். ஒருத்தரும் மறந்ததில்லை.

போன கல்யாண நாளுக்கு வீடியோவை ஒழுங்காக அடுக்கித் தருவதாகச் சொன்னேன்.

"கைய வெச்ச, கொன்னுடுவேன்" என்றாள் அக்கா. "என் கல்யாணம் இப்டித்தான் நடந்துச்சு."