ஒரே ஒருவர் பார்க்க நாற்பத்தெட்டுச் சடை

என் முடி போனதற்கு எங்கள் பக்கத்தில் இரண்டு காரணங்கள் புழங்குகின்றன. உப்புத் தண்ணீர் என்று என் அம்மா சொல்கிறார். கண்ணேறு என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். இரண்டுமே இல்லை, நானேதான் காரணம் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு உடந்தையாக நாற்பத்தெட்டு நைலான் சடைகளும், 'அடுத்த வாரம்' என்ற இரண்டு வார்த்தைகளும் இருந்தன.

என் வீட்டுக்காரர் ரபீக் வளைகுடாவில் ஏசி மெக்கானிக். கல்யாணமாகி மூன்று மாதம் காரைக்குடியில் என்னோடு இருந்தார். அப்புறம் இரண்டு வருஷம் போனில் இருந்தார். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. ஜும்மா தொழுது, சாப்பிட்டு முடித்து வீடியோ காலில் வருவார். இங்கே அப்போது சாயங்காலத் தேநீருக்குப் பால் அடுப்பில் இருக்கும். நலம் விசாரித்து முடித்ததும் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"சடையை முன்னால எடுத்துப் போடு, பாப்போம்."

எடுத்துப் போடுவேன். அவர் அறையில் ஆறு பேர் தங்கியிருந்தார்கள். அதனால் சுவரோரமாகத் திரும்பிக்கொண்டு, போனை நெஞ்சோடு மறைத்துக்கொண்டு பார்ப்பார். ஒரு நிமிஷம் கண்ணை எடுக்க மாட்டார். அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் ஆறு நாள் காத்திருந்தேன் என்றால் பைத்தியம் என்பீர்கள். (சரியாகத்தான் சொல்வீர்கள்.)

இரண்டாவது வருஷக் கடைசியில் எனக்கு டைஃபாய்டு வந்தது. காய்ச்சல் போகும்போது முடியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இடுப்பைத் தொட்ட சடை எலிவாலாகிவிட்டது. அத்தனை தூரத்தில் தனியாகக் கிடக்கிற மனுஷனிடம் இதைச் சொல்லிக் கலங்கடிப்பானேன் என்று மறைத்தேன். வெள்ளிக்கிழமைகளில் போனை முகத்துக்கு ஒட்டி வைத்துக்கொண்டு, "நெட்டு சரியில்ல மச்சான், முகம் தெரியுதா, அது போதும்" என்று சமாளித்தேன்.

அப்போதுதான் அவருக்கு லீவு கிடைத்தது. "அடுத்த வெள்ளிக்கிழமை, இன்ஷா அல்லாஹ், ஊர்ல இருப்பேன் நூரு" என்றார். எனக்கு முதலில் சந்தோஷம் வந்தது. இரண்டாவதாக எலிவால் ஞாபகம் வந்தது.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடியில் செல்வி என்கிற பெண் பார்லர் வைத்திருந்தாள். சென்னையில் ஏதோ பயிற்சி முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். தலை முழுக்கப் பொடிப்பொடியாகச் சடை பின்னி, ஒவ்வொன்றிலும் நைலான் இழை சேர்த்து இடுப்பு வரை இறக்கிவிடலாம் என்று படம் காட்டினாள். ஒட்டு முடி வைக்கக் கூடாது என்று சின்ன வயதில் மதரஸாவில் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வராமல் இல்லை. 'முடி என்றால்தானே கூடாது, இது நூல்' என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

ஏழு மணி நேரம் பின்னினாள். அவள் இழுத்த இழுப்பில் என் புருவம் இரண்டும் மேலே ஏறிக்கொண்டன. இரண்டு நாளைக்கு, யார் எதைச் சொன்னாலும் அதிசயப்படுகிறவள் மாதிரியே இருந்தேன்.

"அக்கா, நாலு வாரம்தான். அதுக்கு மேல ஒரு நாள் வைக்கக் கூடாது. வேர் தாங்காது. எங்கிட்ட வந்துதான் அவுக்கணும்" என்றாள் செல்வி.

"நாலு வாரம் எதுக்கு? அவுக அடுத்த வாரம் வந்துருவாக. பாத்ததும் அவுத்துரலாம்" என்றேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் வெளியே போனால் தலையை மூடித்தான் போவேன். வீட்டில் மாமியாரும் நானும் மட்டும்தான். மாமியாருக்குத் தெரிந்தால் வம்பு என்று வீட்டுக்குள்ளும் துப்பட்டாவை எடுக்கவில்லை. தலைபாரம், சைனஸ் என்று சொல்லிவைத்தேன். ஆக, ஒரே ஒருவர் பார்ப்பதற்காக நாற்பத்தெட்டுச் சடை. அந்த ஒருவரும் கடல் தாண்டி இருந்தார். அவரிடமும் இதைப் போனில் காட்டவில்லை. நேரில் வந்து பார்த்து அசந்து போகட்டும் என்று ஆசை.

வெள்ளிக்கிழமை வந்தது. அவர் வரவில்லை, போன் வந்தது. அங்கே வெயில் ஏறிவிட்டதாம். வெயில் நேரத்தில் ஏசிக்காரனை எந்த முதலாளி விடுவான்? "மாத்து ஆள் வந்ததும் விட்டுருவாகளாம். அடுத்த வாரம் கண்டிப்பா" என்றார். அடுத்த வாரம் மாற்று ஆள் வந்தான். அவனுக்கு வேலை தெரியவில்லை. அதற்கடுத்த வாரம் வேலை பழகிக்கொண்டான். பாஸ்போர்ட்டை வைத்திருந்த மேனேஜர் எங்கோ போய்விட்டார். ஒவ்வொரு வாரமும் 'அடுத்த வாரம்'. ஒவ்வொரு வாரமும் நான் நம்பினேன். இன்றைக்கு அவிழ்த்துவிட்டு, நாளைக்கு அவர் வந்து நின்றால்?

ஐந்தாவது வாரம் செல்வி போன் செய்தாள். "எப்பக்கா வர்றீக?"

"அடுத்த வாரம்" என்றேன். (தொற்றிக்கொண்டது.)

அரிப்பைப் பற்றி நான் எழுதாமல் இருப்பதே உங்களுக்கு நல்லது. துப்பட்டாவுக்குள் பென்சிலை விட்டுச் சொறிவேன். சோறு வடிக்கும்போது சொறிவேன். மாமியார் தலை திரும்பும் நேரமெல்லாம் சொறிவேன். சித்திரை வெயிலில் நைலானும் துப்பட்டாவும் சேர்ந்து மண்டைக்குள் அடுப்பு மூட்டின. ராத்திரியில் தலையை எந்தப் பக்கம் வைத்தாலும் வேர் வலிக்கும். வலிக்கும்போதெல்லாம், 'வரத்தானே போகிறார்' என்று நினைத்துக்கொள்வேன். உண்மையைச் சொன்னால், அந்த வலி எனக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது. அவருக்காக ஏதோ செய்துகொண்டிருக்கிறேன் என்று இருந்தது.

பதினோராவது வெள்ளிக்கிழமை அவர் குரலே சரியில்லை. "இந்த வருஷம் இல்ல போல, நூரு" என்றார். நான் சரி மச்சான், சரி மச்சான் என்று சொல்லி வைத்துவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. கோபத்தோடு கத்தரிக்கோலை எடுத்தேன். இத்தனை வாரம் ஏமாற்றிய பிறகு செல்வி முகத்தில் முழிக்க வெட்கம், நானே அவிழ்த்துக்கொள்கிறேன் என்று உட்கார்ந்தேன்.

நைலானை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பிரித்தால் வேலை முடிந்தது என்பது என் கணக்கு. நைலான் எங்கே முடிகிறது, நான் எங்கே ஆரம்பிக்கிறேன் என்பதுதான் தெரியவில்லை. இரண்டும் ஒரே கறுப்பு. நாலு சடையை வெட்டிப் பார்த்தேன். நாலிலும் பாதி என் சொந்த முடி. அடுத்ததைப் பிரிக்கப் போனால் வேரில் பதினோரு வார அழுக்கும் எண்ணெயும் சேர்ந்து இலவம்பஞ்சு மாதிரி திரண்டிருந்தது. சீப்பை வைத்து இழுத்தேன். முடி வேரோடு கையில் வந்தது. பயந்து போய் "யா அல்லாஹ்!" என்று கத்திவிட்டேன்.

மாமியார் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார். தரையைப் பார்த்தார். தலையைப் பார்த்தார்.

"என்னத்தா இது?"

"நைலான் மாமி."

"நைலானா? தலையிலயா? மீன் பிடிக்கப் போறியா?"

நான் தேம்பத் தேம்ப முழுக் கதையையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "பென்சிலை விட்டுச் சொறியிறப்பவே எனக்குத் தெரியும். பேன் போலன்னு நெனைச்சேன். புதுப் பொண்ணுகிட்ட எப்பிடிக் கேக்குறதுன்னு விட்டுட்டேன்" என்றார். இரண்டரை மாதமாக அந்த மனுஷி என் தலையணையை வெயிலில் காயப்போட்டு வந்ததன் ரகசியம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எனக்குப் பின்னால் உட்கார்ந்தார். மீதி நாற்பத்து நாலையும் பிரிக்க இரண்டு நாள் ஆனது. பிரிந்தவரை பிரிந்தது, போனது போனது. நெற்றியோரம் இரண்டு பக்கமும் வழுக்கை. உச்சியில் ரூபாய் அகலத்துக்கு ஒரு திட்டு. மிச்சமெல்லாம் ஒன்று ஒரு விரல் நீளம், இன்னொன்று ஒரு சாண் நீளம்.

சடையெல்லாம் அவிழ்த்து, தலைக்கு ஊற்றி, துண்டைக் கட்டிக்கொண்டு நான் வெளியே வருகிறேன், போன் அடிக்கிறது.

"நூரு! மேனேஜர் வந்துட்டாரு, டிக்கெட் வந்துருச்சு! வெள்ளிக்கிழமை திருச்சியில இறங்குறேன்!"

பதினோரு வாரம் தலையில் சுமந்துகொண்டு காத்திருந்தபோது வராத டிக்கெட், அவிழ்த்த அன்றைக்கு வந்தது. மறுநாளே மாமியார் என்னைத் தோல் டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். இழுத்துக் கட்டிய பாரத்தில் வேர் நொந்திருக்கிறது, இறுக்கிக் கட்டாதீர்கள், கண்டதையும் தேய்க்காதீர்கள், வேறு ஒன்றும் வேண்டாம், பொறுமையாக இருங்கள் என்றார்.

"எவ்வளவு நாளாகும் டாக்டர்?"

"ஆறு மாசத்துல வித்தியாசம் தெரியும். பழைய நீளம் வர நாலஞ்சு வருஷம் ஆகும்."

"அவுக வெள்ளிக்கிழமை வர்றாக டாக்டர்" என்றேன்.

டாக்டர் மாமியாரைப் பார்த்தார். மாமியார் மின்விசிறியைப் பார்த்தார்.

கண்டதையும் தேய்க்காதே என்றால் தேய்க்காமல் இருக்கிற ஆளா நான்? வியாழக்கிழமை சின்ன வெங்காயத்தை அரைத்துச் சாறெடுத்துப் பூசினேன். மண்டை பற்றி எரிந்தது, முடி ஒன்றும் முளைக்கவில்லை. மறுநாள் திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கி வந்தவர், இரண்டு வருஷம் கழித்து என் பக்கத்தில் காரில் உட்கார்ந்ததும் மூச்சை இழுத்து, "இன்னைக்கு வீட்டுல பிரியாணியா?" என்று கேட்டார். நான் துப்பட்டாவை இன்னும் இறுக்கிக்கொண்டேன். மெலிந்திருந்தார். கறுத்திருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பார்க்கத் தீரவில்லை. ஆனால் அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தார். சாக்லேட்டெல்லாம் உருகி, மறுபடி இறுகி, கோணல்மாணலாகக் காகிதத்தோடு ஒட்டிக் கிடந்தது. "கடையில பாத்து வாங்கப்புடாதா தம்பி?" என்றார் மாமியார். வீட்டுக்காரர் சிரித்து மழுப்பினார். எனக்கென்று ஒரு டப்பா நிறையக் கொண்டை ஊசியும், கையளவு பெரிய கிளிப்பும் வாங்கி வந்திருந்தார். பழைய சடைக்கு ஏற்ற அளவு. அதைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பழைய சடைக்காரி மீது பொறாமையாக இருந்தது.

மூன்று நாள் ஓட்டினேன். தலைபாரம் மச்சான், சைனஸ் மச்சான், காற்று பட்டால் ஆகாது மச்சான். ஆசையாகப் பக்கத்தில் வந்தால் தும்முவேன். நாற்பது நாள் லீவில் மூன்று நாளைத் தும்மியே போக்கினேன். நாலாம் நாள் சாப்பாடு முடிந்ததும் அவர் ஒரு தைலப் புட்டியோடு வந்தார்.

"மூணு நாளா இப்பிடிக் கிடக்குற. இங்குட்டுத் திரும்பு. நெத்திப்பொட்டுல தேச்சுவிடுறேன்."

"வேணாம் மச்சான், தானாச் சரியாயிரும்" என்று நான் சொல்வதற்குள் துப்பட்டாவை மேலே தள்ளிவிட்டார்.

கண்ணை மூடிக்கொண்டேன். தைலம் தொட்ட விரல் என் நெற்றியோரத்தில் அப்படியே நின்றது. "என்ன நூரு ஆச்சு? ஒடம்பு எதுவும்..." என்று இழுத்தார். நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். டைஃபாய்டு, எலிவால், செல்வி, நைலான், பென்சில், கத்தரிக்கோல். கடைசியாக, "அடுத்த வாரம் அடுத்த வாரம்னு சொன்னீகள்ல, அதான் அவுக்காம வச்சிருந்தேன்" என்றேன்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், இல்லாவிட்டால் திட்டுவார். இரண்டும் செய்யவில்லை.

"அந்தச் சாக்லேட்டு மொத வாரமே வாங்குனது" என்றார். "பதினோரு வாரமும் நான் பெட்டியைப் பிரிக்கவே இல்ல. சட்டையெல்லாம் உள்ள வச்சுக் கட்டிட்டேன். ரெண்டே சட்டையைத் தொவைச்சுத் தொவைச்சுப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போனேன். ரூம்ல எல்லாரும் கேலி பண்ணுவாக. பிரிச்சா வர முடியாமப் போயிருமோன்னு பயம்."

நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் கையிலிருந்த தைலம் என் கண்ணில் பட்டுவிட்டது. அப்புறம் இரண்டு பேரும் எதற்காக அழுகிறோம் என்றே தெரியாமல் போய்விட்டது.

மிச்சம் முப்பத்தாறு நாள் இருந்தது. தினமும் காலையில் வெளிச்சத்தில் உட்கார வைத்து, விரலால் தடவிப் பார்ப்பார். "அங்குட்டு முளைச்சிருச்சு. இங்குட்டுத்தான் இன்னும் காணோம்." அவர் கிளம்பிய அன்றைக்கு நெற்றியோரத்தில் ஒரு நெல் நீளத்துக்குப் பூனை மயிர் எழுந்து நின்றது. ஏர்போர்ட்டில் எல்லார் முன்னாலும் தொட முடியாது. என் துப்பட்டா ஓரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. எங்கள் சொந்தத்தில் யாருக்கு வெளிநாட்டிலிருந்து லீவு என்றாலும் என் மாமியார் அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஒரே புத்திமதிதான் சொல்கிறார்: "டிக்கெட்டைக் கண்ணால பாத்துட்டுத் தலையில கை வையித்தா." எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

போன வெள்ளிக்கிழமை என் முடி தோளைத் தொட்டது. போனில் காட்டினேன். சுவரோரமாகத் திரும்பி வெகு நேரம் பார்த்தார். லீவு எப்போது என்று நான் கேட்கவில்லை. அவரும் அடுத்த வாரம் என்று சொல்லவில்லை. "நான் வர்றதுக்குள்ள முழுசா வளந்துறாமப் பாத்துக்க நூரு. கொஞ்சமாச்சும் என் கண்ணு முன்னால வளரட்டும்" என்றார்.

முடி வளர்வதற்கு எண்ணெய் சொல்லாத ஆளே இந்த ஊரில் இல்லை. அவர் வரும்வரை வளராமல் நிறுத்தி வைக்க ஏதாவது எண்ணெய் இருந்தால் சொல்லுங்கள்.