மச்சானுக்குப் பெண் பார்த்த கதையும் என் கோழிக்குழம்பும்

புது மாப்பிள்ளையைச் சமையலறைக்குள் விட்டால் சும்மா இருக்க மாட்டான். நானும் இருக்கவில்லை.

கல்யாணமான புதிதில், சிட்லபாக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு மாமனார், மாமியார், மச்சான் செந்தில் மூவரும் வந்திருந்தார்கள். மறுநாள் காலை சிங்கப்பெருமாள் கோவில் என்ற ஊரில் செந்திலுக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும். ஜாதகம், சம்பளம், முன்வழுக்கை என்று ஏதாவது ஒரு காரணத்தால் பல இடங்கள் தட்டிப்போய், பையன் நொந்து போயிருந்தான். அவனைத் தேற்றுவதற்காக, அன்று மதியம் என் கையால் கோழிக்குழம்பு என்று அறிவித்துவிட்டேன்.

கோழி கழுவுவதில் எனக்கு அப்போது பெரிய கர்வம். மஞ்சள்தூள் போட்டு, குழாயை முழுசாகத் திறந்துவிட்டு அலசியதில் சட்டை, சுவர், பக்கத்திலிருந்த கொத்தமல்லி எல்லாமே நனைந்தன. (சுத்தம் என்றால் அப்படியொரு சுத்தம்!) பிறகு கறியைப் பலகையில் வைத்து வெட்டி, ஈரத்துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு, அதே பலகையில் பச்சடிக்கு வெங்காயம் நறுக்கினேன். குழம்பு நன்றாகக் கொதித்தது. பச்சடியை யார் கொதிக்க வைப்பார்கள்? மாமியார் என் கைப்பக்குவத்தைப் புகழ்ந்தபடி இரண்டாம் முறை பச்சடி போட்டுக்கொண்டார். பச்சை வெங்காயம் பிடிக்காத என் மனைவி கவிதா மட்டும் அதைத் தொடவில்லை.

மறுநாள் காலையில் எங்கள் வீட்டின் ஒரே கழிவறை முன்னால் வரிசை நின்றது. இன்னொரு நாள் போகலாமே என்றாள் கவிதா. இந்த இடமும் தட்டிப்போனால் பையன் தாங்கமாட்டான் என்று மாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டே காரில் ஏறிவிட்டார். வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கையும் நாங்கள் விட்டுவைக்கவில்லை.

பெண் வீட்டில் சொஜ்ஜி, பஜ்ஜி வந்தன. நாங்கள் யாரும் கை வைக்கவில்லை. பெண்ணைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அவர்கள் முகம் சுருங்குவது எனக்கே தெரிந்தது. நர்ஸாக வேலை பார்க்கும் பெண், தேன்மொழி, காபியை நீட்டினாள். செந்தில் நிமிர்ந்து பார்த்தான்.

"பாத்ரூம் எந்தப் பக்கங்க?"

எனக்கு உயிரே போய்விட்டது. திரும்பி வந்த செந்தில், வேறு வழியில்லாமல் உண்மையைச் சொல்லிவிட்டான். தேன்மொழி என்னிடம் திரும்பி, கோழியை எப்படிக் கழுவினேன், எதில் நறுக்கினேன் என்று விசாரித்தாள். நான் பெருமை கொஞ்சம்கூடக் குறையாமல் விளக்கினேன்.

"பச்சைக் கோழியக் கழுவவே வேணாங்கண்ணா. நல்லா வெந்தா கிருமி செத்துடும். நீங்க அத வீடு பூரா தெளிச்சுட்டு, வெங்காயத்துக்கும் கொஞ்சம் குடுத்திருக்கீங்க."

அவளே உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை எல்லோருக்கும் கொண்டுவந்து கொடுத்தாள். பொய் சொல்லத் தெரியாத ஆள் என்று செந்திலை அவளுக்குப் பிடித்துப்போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது அவர்களுக்கு யு.கே.ஜி. படிக்கும் மகள் இருக்கிறாள். அப்பா அம்மாவுக்கு எப்படிக் கல்யாணம் ஆனது என்று யார் கேட்டாலும் என்னைத்தான் கைகாட்டுகிறாள்.

"மாமாதான் எங்கப்பாவுக்கு வயித்தால போக வெச்சாரு. அதனாலதான் நான் பொறந்தேன்."