கழுத்திறக்கத்துக்கு ஒரு மொழி

"அக்கா, இது என்ர பிளவுஸ் இல்லை. இதுக்குள்ள நான் ரெண்டு தரம் போகலாம்!"

கராஜ் வாசலில் நின்று விஷாலினி ரவிக்கையை விரித்துக் காட்டினாள். அவளுடைய அளவில் தைத்த ரவிக்கையோ அந்நேரம் நகரின் மறுபக்கம் ஒடாஹுஹுவில், இன்னொரு வாடிக்கைக்காரியான அம்புஜத்தின் தோளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

பிளாக்ஹவுஸ் பே வீட்டின் கராஜில் மெசின் போட்டுத் தைத்துக் கொடுக்கும் இராசமலருக்கு இது முதல் விபத்து அல்ல. வாட்ஸ்அப்பில் வரும் அளவுகள் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் கோயில் அறிவித்தல்களுக்கும் நடுவே புதைந்துபோகும். இன்னொரு தரம் பிழைத்தால், வரப்போகும் கல்யாணத்துக்குப் பெண்வீட்டார் மொத்தமாகத் தருவதாகச் சொன்ன தையலும் கை நழுவிவிடும்.

தானே ஒரு ஆப் எழுதுவது என்று அன்றே முடிவு கட்டினாள். அளவெடுக்கும் இடத்தில் ஃபோனில் பதிய வேண்டும். துணி வெட்டும்போது கராஜ் கம்ப்யூட்டரில் தெரிய வேண்டும்.

"ரெடிமேட்டா ஆயிரம் ஆப் கிடக்கே," என்றார் கணவர் யசீகரன்.

"எல்லாம் மார்பு, இடுப்பு மட்டும்தான் கேக்குது. வெள்ளைக்காரன்ர ஆப்புக்கு எங்கட கழுத்திறக்கம் விளங்காது. நானே எழுதுவன்!"

யசீகரன் நகரத்தில் ஒரு பெரிய கம்பெனியில் மென்பொருள் ஆலோசகர். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? எந்தக் கணினி மொழியில் எழுதத் தொடங்கலாம் என்று அவரிடமே கேட்டாள். அங்கேதான் சனி பிடித்தது.

"மகள் பிரணவி பள்ளிக்கூடத்தில பைதான் படிக்கிறாள். நானும் அதைப் பிடிக்கட்டே?"

"அவசரப்படாதையும். கம்ப்யூட்டருக்கு நல்லம், ஃபோனுக்கு இழுபடும்."

"அப்ப கோட்லின்?"

"ஃபோனுக்கு நல்லம். நாளைக்கு நீர் ஐஃபோன் வாங்கினா?"

"வாங்கித் தாறீங்களே?"

"சி ஷார்ப்பையும் ஒருக்காப் பாப்பம்," என்று எழுந்துவிட்டார்.

மறுநாள் சமையலறைச் சுவரில், ஒவ்வொரு மொழியின் நிறைகுறைகளையும் அவர் எழுதிய ஒரு பெரிய அட்டவணை தொங்கியது. வாரா வாரம் அது வளர்ந்து, குளிர்பெட்டிக் கதவுவரை வந்துவிட்டது. இதற்குள் இன்னொருத்தியின் கை நீளம் வேறொருத்தியின் ரவிக்கைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரு நடுவர் வந்தால் வழக்கு முடியும் என்று, கணவருக்குக் கீழே வேலை செய்யும் பிரதாபனை இடியப்பத்துக்கு அழைத்தாள்.

"தம்பி, டார்ட் எண்டு ஒண்டு இருக்காமே. ஒருக்கா எழுதினா ஃபோனிலயும் கம்ப்யூட்டரிலயும் ஓடுமாம். அதைத் தொடங்கட்டே?"

பிரதாபனுக்குப் புரையேறியது. "ஐயோ, அவசரப்படாதேங்கோ அக்கா! இது ஆற அமர யோசிக்கிற விசயம்."

"அதைத்தான் நானும் சொல்லுறன்," என்றார் யசீகரன்.

இருவருமாகச் சேர்ந்து ஜாவாஸ்கிரிப்டையும் அட்டவணையில் ஏற்றினார்கள். இடியப்பம் முடிந்தது, சொதியும் முடிந்தது, வழக்கு முடியவில்லை.

அவன் போனதும் இராசமலருக்கு வந்ததே கோபம்! "எந்தக் கத்தரிக்கோல் நல்லமெண்டு பாத்துக்கொண்டிருந்தா துணியை எப்ப வெட்டுறது? இனி உங்கள் ஒருத்தரையும் கேக்கமாட்டன்!"

சுவரிலிருந்த அட்டவணையைக் கழற்றினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதில் அளவு வரைந்து, விஷாலினியின் ரவிக்கைக்கு மாதிரி வெட்டினாள்.

டார்ட்டைத் தொடங்கினாள். திரை முழுக்கச் சிவப்புச் சிவப்பாகப் பிழை காட்டியது. பிழைத்ததைப் பிரித்துத் தைப்பது அவளுக்கு என்ன புதிதா? பிரித்தாள், மறுபடி தைத்தாள். காலையில் தேநீரோடு ஒரு தரம், பகலில் மெசின் ஆறும் நேரத்தில் ஒரு தரம் என்று விடாமல் மல்லுக்கட்டினாள். கடைசியில் பெயர், கை நீளம், கழுத்திறக்கம் எல்லாம் ஃபோனில் பதிந்து, கம்ப்யூட்டரில் வந்து நின்றன. கல்யாண ரவிக்கைகள் ஒன்றுவிடாமல் பொருந்தின. பெண்ணின் தாய் கையைப் பிடித்து நன்றி சொன்னபோது இராசமலருக்குக் கண் கலங்கிவிட்டது.

யசீகரன் அந்த ஆப்பை நெடுநேரம் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"உண்மையா வேலை செய்யுதே!"

"பின்ன?"

மறுநாள் வேலையால் வந்தவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். "மலர், உம்மைப் பாத்துத்தான் எனக்குத் துணிவு வந்தது. இண்டைக்கு நேர மேனேஜரிட்டப் போய், எங்கட கம்பெனிக்கும் டார்ட்தான் எண்டு முடிவைச் சொல்லிப்போட்டன். எல்லாரும் வாயடைச்சு நிண்டவை!"

இராசமலருக்குப் பெருமை பிடிபடவில்லை. கராஜில் இருந்தபடியே ஒரு கம்பெனியைத் திருத்தியிருக்கிறாளே! அப்போது ஃபோன் அடித்தது. பிரதாபன்.

"பாத்தீரே தம்பி, அக்கான்ர கெட்டித்தனத்தை?" என்றாள்.

"என்ன வேலையக்கா செய்து வச்சிருக்கிறீங்கள்! எந்த மொழியெண்டு முடிவெடுக்கிறதுக்குத்தானே இவ்வளவு வருசமா அண்ணைக்கும் எங்களுக்கும் சம்பளம் தந்தவங்கள்!"