பாகத்தாரும் எதிரொலி மெசினும்

திருகோணமலைத் துறைமுகத்தில் எந்த இயந்திரத்தையும் நம்பாத ஒரே மனிதர் எங்கள் பாகத்தார்தான். கப்பல் வரும் வழியில் ஆழம் பார்ப்பது அவர் வேலை. ஆழத்தை ஆறடிக்கு ஒரு பாகம் என்ற கணக்கில் சொல்வார்; பெயரும் அப்படி வந்ததுதான். தேநீரைக்கூட அரைப் பாகம் என்றுதான் கேட்பார். கயிற்றில் கட்டிய ஈயக்குண்டின் அடிக்குழியில் கொழுப்பைத் தடவிக் கடலில் இறக்குவார். மேலே வரும்போது அதில் மணலோ சேறோ ஒட்டியிருக்கும்; அதைப் பார்த்துத்தான் அடியில் என்ன நிலம் என்று சொல்வார்.

அலுவலகம் எதிரொலியால் ஆழம் பார்க்கும் மெசின் ஒன்றை வாங்கியது. முதல் நாளே அது மீன் கூட்டத்தை நிலமென்று காட்டிவிட்டது.

"பாத்தீரோ கிளாக்கர்," என்றார் அலுவலகக் கிளாக்கரான என்னிடம். "உது கதை சொல்லும். மண் கொண்டுவராது."

அது சண்டைக்காலம். ஈயக்குண்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரிந்தால் ஆமியின் சென்றிச் சாவடியில் விடுவார்களா? ஒருநாள் அதை மேசையில் வைத்துவிட்டு ஆமிக்காரர் தள்ளி நின்று மத்தியானம் வரை யோசித்தார்கள். பாகத்தார் அவர்களுக்கும் கொழுப்புத் தடவிக் காட்டிவிட்டுத்தான் வந்தார்.

அப்படிப்பட்டவருக்குச் சலம் கழிப்பதில் கஷ்டம் வந்தது. புரோஸ்டேட்டில் புற்றுநோயாக இருக்கலாம், கொழும்புக்குப் போய் ஸ்கான் செய்யுங்கள் என்றார்கள் ஊர் ஆஸ்பத்திரியில். ஸ்கானும் எதிரொலிதான் என்று யாரோ சொல்லிவிட, "ஏலாது" என்று மூன்று மாதம் இருந்துவிட்டார். இந்த மனிசன் பிடிவாதத்திலேயே செத்துப்போகப் போகிறார் என்று நான் பைலுக்குள் முகத்தை வைத்து அழுதேன். பிறகு லீவு போட்டு அவரைக் கொழும்புக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கருவி பின்பக்கத்தால் போகும் என்று டொக்டர் விளக்கினார்.

"எந்தக் கப்பலும் பின்பக்கமா உள்ள வந்து நான் காணேல்ல."

"படத்தைப் பாத்துக்கொண்டே ஊசி விடுவம் ஐயா. சந்தேகமான இடத்தில துணுக்குச் சதை எடுத்துக்கொண்டு வரும்."

பாகத்தார் நிமிர்ந்தார். "அப்ப மண் வருமோ?"

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"ஓம் ஐயா, வரும்."

"உதை முதலே சொல்லியிருக்கலாமே," என்று கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டார். வெளியே நின்ற எனக்கு அவர் குரல் கேட்டது: "படத்தில தெரியிற அந்தக் கறுப்பு, மீனில்லை டொக்டர். அங்க இறக்குங்கோ."

இரண்டு கிழமைக்குப் பிறகு அறிக்கை வந்தது. அவர் அதைத் தொடவில்லை.

"என்ன நிலம், கிளாக்கர்?"

புற்றுதான், ஆனால் வெளியே பரவவில்லை, குணமாக்கலாம் என்று எழுதியிருந்தது. "கல்லுத்தான் அண்ணை. சின்னக் கல்லு. கப்பல் சுத்திப் போகலாமாம்."

மண் எங்கே, காட்டும் பாப்பம் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீர் சொன்னாச் சரி," என்றார்.

கையில் மண் ஒட்டாமல் பாகத்தார் நம்பியது, எனக்குத் தெரிந்தவரை, என்னை மட்டும்தான்.